பூசணிக்காய் தொங்கும் உத்தரம்

9-10-1955, ஞாயிறு, இரவு பத்தரை. காலையில் தின்றது இரண்டு இட்லி. மூன்றாவது இறங்கவில்லை.

காபி கிளப் உத்தரத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. போன வாரமே முதலாளியிடம் சொன்னேன். கண் திருஷ்டி என்று அதே உத்தரத்தில் பெரிய பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அதற்கு நேர் கீழே அப்பா.

"எந்திரிங்கப்பா. உத்தரம் பாரம் தாங்காது."

"முப்பது வருஷமா உக்கார்ற இடம்டா."

நான் வாசல் பெஞ்சுக்கு மாறினேன். முதலாளி சிரித்தார். "தம்பி இஞ்சினீயருக்குப் படிச்சதிலேருந்து இட்லியப் பாக்குறதில்ல, கூரையத்தான் பாக்குது."

அப்பாவும் சிரித்தார். அவர் இலையில் மரத்தூள் உதிர்ந்தது. ஊதிவிட்டுச் சாப்பிட்டார்.

செய்ய வேண்டியவை:

1. நாளை மேரி என்கிற நகரசபை ஆபீசில் தலைவரிடமே புகார் கொடுப்பது.
2. யார் தடுத்தாலும் உத்தரத்துக்கு முட்டுக் கொடுப்பது.
3. இரண்டும் நடக்காவிட்டால், அடுத்த ஞாயிறு அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்காருவது.