முதல் பிரதிவாதி

ஜூன் 4

என் வாலுக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் உன் அண்ணன் காதை நீட்டுகிறான், அதனால்தான் கடிதம்.

வீட்டை முழுசாக அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன் இல்லையா, இப்போது விற்கப்போகிறான். வாங்குகிறவர் வந்து என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டு அறையை அளந்தார். "நான் எங்கடா போறது?" என்றேன். "பாத்துக்கலாம்பா" என்றான். எதைப் பார்ப்பானோ!

வக்கீலிடம் ஓடினேன். காலமெல்லாம் பஸ் ஓட்டியவனுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியும். கையெழுத்தை ரிவர்ஸ் எடுக்க முடியாதாம். ஆனால் இது என் தாத்தா வழியில் வந்த வீடு. பிறந்ததிலிருந்தே உனக்கும் பங்கு உண்டு, முழுவதையும் அவனுக்கு எழுதியது செல்லாது என்று நீ வழக்குப் போடலாமாம். எழுதிக் கொடுத்த நான்தான் முதல் பிரதிவாதி.

என்மேல் கேஸ் போடம்மா. உன்னை விட்டால் எனக்கு நாதியில்லை.

அப்பா

ஜூன் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

வக்கீல் மனுவைப் படித்துக் காட்டினார். 'மகன் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினான்' என்று எழுதியிருக்கிறார். உங்களை யார் ஏமாற்றினார்கள்? பதிவு அலுவலகத்தில், "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு இங்க என்ன இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். உங்கள் கண்ணாடியை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த வரியை எடுத்துவிட்டு, நீங்கள் அன்று சொன்னதை எழுதச் சொல்லியிருக்கிறேன். அப்போதும் வழக்கு நிற்குமாம். சம்மதமென்றால் கையெழுத்துப் போடுகிறேன்.

மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

மகள்

ஜூன் 17

அம்மாடி,

அப்படியே எழுது. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டு. சீக்கிரம் போடு, அடுத்த வாரம் கிரயமாம்.

அப்பா

ஜூலை 20

அன்பு மகளுக்கு,

விற்கக்கூடாது என்று தடை வந்துவிட்டது. கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சம்மன் வந்த அன்று, நான் பதிவு அலுவலகத்தில் சொன்ன அந்த வரியை அண்ணன் சத்தமாக வாசித்தான். "அவளே சொல்லிட்டா, தெரிஞ்சுதானே குடுத்தீங்க?" என்றான். "ஆமாடா" என்றேன். அதோடு இங்கே யாரும் என்னிடம் பேசுவதில்லை. நான் காட்டிவிட்ட வக்கீல் இப்போது உன் வக்கீல். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என் ராசி அப்படி.

நீ வழக்குப் போட்ட பிறகு உனக்கு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. பிரதிவாதிக்கு எழுதக்கூடாது என்று சட்டம் ஏதாவது இருக்கிறதோ என்னவோ.

நான் எதையும் மறுக்கப்போவதில்லை. விசாரணை அன்றைக்கு நீ கோர்ட்டுக்கு வருவாய். அந்த வரியை வாசிக்கும்போது மட்டும் வெளியே போய் நின்றுகொள். இன்னொரு தடவை நீ அதைக் கேட்க வேண்டாம்.

அப்பா