கால் மில்லிமீட்டர்

மார்ச் 3, செவ்வாய்
இரட்டை லென்ஸ் கேமராவின் வலது லென்ஸை இன்று மூன்றாம் முறையாகக் கழற்றினேன். கேமரா பழுது பார்க்கும் கடைக்காரன் போன வருஷமே சொன்னான்: "ஐயா, இது ரெண்டு கண்ணு வச்ச சாமான். தராசுன்னு நெனச்சுக் கை வச்சிடாதீங்க." முப்பத்தோரு வருஷம் தராசு பழுது பார்த்தேன். எவனும் சொல்லித் தரவில்லை. அவனிடம் கொடுப்பதைவிடக் குப்பையில் போடுவேன்.

மார்ச் 5, வியாழன்
வலது படம் இடதைவிட மயிரிழை மேலே விழுகிறது. இரண்டும் நேராக விழுந்தால்தான் இரண்டு கண்ணிலும் சேர்ந்து ஆழத்தோடு ஒரே காட்சியாகும்; பிசகினால் எல்லாம் இரண்டாகத் தெரிந்து தலை சுற்றும். லென்ஸ் பலகைக்கு மெல்லிய பித்தளைத் தகடு வெட்டி வைத்தேன். பின்னால் பால்கண்ணாடி பொருத்தி, அதில் விழுந்த சன்னல் கம்பியின் பிம்பத்தை அளந்தேன். சரி என்கிறது. ஆனால் கால் மில்லிமீட்டருக்குக் கீழே அளவுகோலுக்குக் கண் கிடையாது. படம் எடுத்து, ஜோடி ஸ்லைடைப் பார்வைப்பெட்டியில் வைத்து, இரண்டு கண்ணாலும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

என் இடது கண் போய் ஆறு வருஷம். வெளியாருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். மனைவிக்கு இரண்டும் பழுதில்லை.

மார்ச் 12, வியாழன்
ஸ்லைடுகள் கழுவி வந்தன. மாடிப்படி, தோட்டம், இவள் துணி காயப்போடுவது. கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"எப்படி?"

"நல்லா இருக்கு. அடுப்புல பால் இருக்கு, விடுங்க."

போன வருஷம் இதே பெட்டியைப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று வாந்தி எடுத்தவள். கோளாறு உன் கண்ணில்தான் என்று விருந்தாளிகள் முன்னால் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு குறை கிடையாது. கண்டித்தால் படியும்.

மார்ச் 21, சனி
நாளை புகைப்படச் சங்கத்தில் என் பன்னிரண்டு படங்கள். கடைக்காரனும் வருகிறானாம். வரட்டும்.

மார்ச் 22, ஞாயிறு
கடைக்காரன் பெட்டியில் கண் வைத்தான். எடுத்தான்.

"ஐயா, உங்க வீட்ல மாடிப்படி ரெண்டா?"

ஒரே சிரிப்பு. செயலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "படத்தோட தைலமும் குடுத்திருக்கலாம்" என்றது பின்வரிசை. பன்னிரண்டும் அப்படித்தானாம். என் ஒற்றைக் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது!

மார்ச் 23, திங்கள்
கேட்டேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டுத்தான் பார்ப்பேன். ஒரு வருஷமா."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே. கண்ணு கோளாறுன்னீங்க. கோளாறு புடிச்ச கண்ண எதுக்குத் தொறக்கணும்?"

"நேத்து கெளம்பும்போதாவது வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"வாசல் வரைக்கும் வந்து பார்த்தேன். என்னமா நிமிந்து போனீங்க!"

தெரிந்தே அனுப்பியிருக்கிறாள். கையிலிருந்த திருப்புளியை எறிந்தேன். சுவரில் பட்டது. குறி தவறியது, அவ்வளவுதான். வருத்தம் என்று பொய் எழுத மாட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்
சோறு மட்டும் மேசைக்கு வருகிறது.

ஏப்ரல் 2, வியாழன்
புதுத் தகடு, புது ஃபிலிம் சுருள், கழுவி வந்த புது ஸ்லைடு. பெட்டியை இவள் முகத்தில் வைத்து, இரண்டு இமையையும் என் கட்டைவிரல்களால் தூக்கிப் பிடித்தேன். இன்று மூட முடியாது.

"மாடிப்படி ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

"நெசமா?"

"நல்லா இருக்குங்க."

விரல் நனைந்தது. வலியா? உள்ளுக்குள் சிரிப்பா? பெட்டியை எடுத்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு கண்ணாலும். அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வலது லென்ஸை இன்று ஆறாம் முறையாகக் கழற்றினேன்.