காலிக் கட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று எழுதுகிறேன். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

"ஆறு வருஷமா ஒரு வரி எழுதல, அவனுக்கு நம்ம மேல பாசம் பூஜ்யம்தான்" என்று உறவுக்காரர்களிடம் சொல்கிறீர்களாம். தங்கை சொன்னாள். நான் கிளம்பிய அன்று, "தொல்லை விட்டுது" என்று நீங்கள் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

போன வாரம் ஒரு வேடிக்கை. மருத்துவமனையின் பழைய தரவுகளைப் பார்த்து, எந்த வார்டுக்கு எத்தனை பார்வையாளர்கள் வருவார்கள் என்று கணிப்பது என் வேலை. ஒரு வார்டுக்கு மட்டும் எண்ணிக்கை எழுத வேண்டிய கட்டங்கள் காலியாக இருந்தன. எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டேன். யாரும் வரமாட்டார்கள் என்று கணினி கணித்தது, நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். ஞாயிறன்று நாற்பது பேர் வந்து நின்றார்கள்.

அந்த வார்டு நர்ஸம்மா என் மேசைக்கே வந்துவிட்டார்.

"எழுதலன்னா வரலன்னு அர்த்தமா சார்? எனக்குக் கை ஒழியல, எழுதல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அறைக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காலிக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல அப்பா. நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சட்டையில் இரண்டு பொத்தான் போய்விட்டது. ஊசியும் வெள்ளை நூலும் அனுப்புங்கள். இங்கும் கிடைக்கும், இருந்தாலும் அனுப்புங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. கீழே பெயர் எழுதாமலே போடுகிறேன். அந்த இடத்தில் எதை நிரப்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.