டம்ளர் விளிம்பு

2025 மார்ச் 4, செவ்வாய்

மாட்டுங்காவில் அதற்குள் இந்த வெயில். ஆபீஸுக்குக் கிளம்பிய வந்தனா ஃப்ரிட்ஜ் பாட்டிலை வாயில் வைத்துக் குடித்தாள். பாட்டில் வாயெல்லாம் லிப்ஸ்டிக். "எச்சில்!" என்றேன். "ஸாரிம்மா" என்றாள். என் நாட்டுப்பெண் பதினோரு வருஷமாகச் சொல்லும் ஸாரி. இந்த வீட்டில் உதடு படாமல் அண்ணாந்து குடிப்பவள் நான் ஒருத்திதான். போன வருஷம் உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்த சமயம் தண்ணீரைக்கூட உறிஞ்சத்தான் முடிந்தது. கீமோவோடு, கட்டியின் மேலிருக்கும் ஹெர்-டூ என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஊசியும் போட்டார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி அண்ணாந்துவிட்டேன்! ஊசி மட்டும் இன்னும் தொடர்கிறது.

மார்ச் 19

தோசை நெஞ்சில் நின்றது. அவசரமாகத் தின்றிருப்பேன்.

மார்ச் 27

தண்ணீரும் நிற்கிறது. அண்ணாந்தால் புரையேறுகிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டம்ளரை வாயில் வைத்துக் குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கேனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் சரியாகிவிடாதா? பிள்ளை நகுலுக்கு ஆபீஸில் ஏகப்பட்ட தொல்லை — சே, இதெல்லாம் சாக்கு. பயமா இருக்கு. இந்த ஊசியும் கேக்கலைன்னா அப்புறம் என்ன இருக்கு?

மார்ச் 30, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். மருந்தால் உதடு வெடிக்கிறதென்று வாஸ்லின் தடவிக்கொள்கிறேன். அது எவர்சில்வர் டம்ளரில் பதிந்திருக்கிறது.

"அம்மா, இது உங்க டம்ளர். விளிம்புல வாஸ்லின் எப்படி வந்தது?"

"கை பட்டிருக்கும்."

"கை இல்லை, உதடு. எத்தனை நாளா?"

சி.ஐ.டி.யில் இருக்க வேண்டியவள். அப்போதே டாக்டருக்குப் போன் போட்டாள்.

ஏப்ரல் 8

கட்டி வளர்ந்திருக்கிறது. டாக்டர் வெங்கடேஸ்வரன் மழுப்பவில்லை. "பழைய மருந்துக்குக் கட்டி பழகிடுத்து மாமி. மறுபடி துளி சதை எடுத்துப் பார்க்கணும். ஹெர்-டூ இன்னும் இருந்தா, அதையே பிடிச்சுண்டு உள்ளே போய்க் கீமோவை இறக்கற புது மருந்து இருக்கு."

இல்லாவிட்டால்?

ஏப்ரல் 9

திலக் நகரிலிருந்து பஞ்சாபகேசன் அண்ணா போன் செய்தார். "கத்தி பட்டாப் பரவும்னு சொல்றா, விசாலம். வேண்டாம்மா."

"கத்தி படாமலேதானே அண்ணா வளர்ந்திருக்கு?"

நல்ல பதில், எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 21

இருக்கிறது! ஹெர்-டூ இருக்கிறது! சத்துரு அதே விலாசத்தில்தான் இருக்கிறான் என்று இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 28

புது மருந்து ஏறியது. நுரையீரலைத் தொடலாமாம், இருமல் வந்தால் அன்றே சொல்ல வேண்டுமாம். "இந்தத் தடவை மறைக்காதேங்கோ" என்று நர்ஸ் முன்னாலேயே சொன்னாள் வந்தனா. கோபம் வந்தது. நியாயம் அவள் பக்கம்.

மே 3

குமட்டல். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

மே 24

இரண்டாவது டோஸும் ஆயிற்று. குழைந்த ரசம் சாதம் சிரமமில்லாமல் இறங்கியது. தண்ணீரை இன்னும் உறிஞ்சித்தான் குடிக்கிறேன், ஆனால் கதவைச் சாத்துவதில்லை. இந்த மருந்து கேட்கும். ஸ்கேன் சொல்லுமுன் என் தொண்டை சொல்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருக்கிறது. "போயிடலை மாமி, மருந்தை விடாம தொடரணும்" என்றார் டாக்டர். "தொடர்ந்தாப் போச்சு" என்றேன்.

மழையில் நனைந்து வீடு வந்ததும் வந்தனா முன்னால் டம்ளரைத் தூக்கி அண்ணாந்தேன். கடகடவென்று இறங்கிற்று. புரையேறவில்லை. அவள் டம்ளரை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தடமும் இல்லை. சமையல்கட்டிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"போறும்டி. தண்ணி குடி."

என் டம்ளரிலேயே ஊற்றி, வாய் வைத்து, முழுவதையும் குடித்தாள். விளிம்பெல்லாம் லிப்ஸ்டிக்.

"எச்சில்" என்று நான் சொல்லவில்லை.