சுருங்கிய கட்டி

9.10.89, திங்கள். மெட்ராஸ்

விடியும்போதே மழை. வீட்டுக்காரருக்கு இன்று இரண்டாவது காந்த ஸ்கேன். ஈரலில் உள்ள கட்டிக்கு ஊசி மருந்து கேட்கிறதா என்று பார்க்க. மோதிரம், வாட்ச், பெல்ட் எல்லாம் என் கைப்பையில். குழாய் மாதிரி மெஷினுக்குள் தள்ளும்போது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். தகரத்தில் ஆணி அடிப்பதுபோலச் சத்தம், வெளியே வரைக்கும்.

"செத்தவன எழுப்பிரும் போல," என்றார் வந்ததும். பழைய கோபம் இல்லை. சீக்கு வந்ததிலிருந்து இப்படித்தான், சாது.

ஜெபிக்க உட்கார்ந்தேன். மனசெல்லாம் போடியில். அவர் படுத்ததிலிருந்து நான் நடத்தும் எங்கள் ஏலக்காய்க் கடையைப் பேச்சியம்மாளிடம் விட்டு வந்தது. ஈரக்காற்றில் காய் நமுத்திருக்குமோ. இந்த நேரத்தில் இதையா நினைப்பது.

10.10, செவ்வாய்

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இரண்டு படத்தையும் வெளிச்சப் பெட்டியில் பக்கம் பக்கமாக மாட்டினார். ஏப்ரலில் எடுத்ததில் கட்டி எலுமிச்சை அளவு. இதில் நெல்லிக்காய்.

"மருந்து நல்லா கேக்குதும்மா. முழுசாப் போகல. இன்னும் சில ஊசி போட்டுட்டு மறுபடி படம் எடுத்துப் பார்ப்போம்."

சந்தோஷம் வரவில்லை. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். 'ஐயோ, கடை போச்சே' என்றுதான் முதலில் தோன்றியது.

அப்புறம்தான் "ஸ்தோத்திரம்" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக.

11.10, புதன். ரயிலில்

இட்லி சாப்பிட்டார். வாந்தி இல்லை. கொடைரோடு தாண்டியதும் பேச்சு.

"திங்கக்கெழம நானே கடை தெறக்கேன். நீ பட்டது போதும், வீட்டுல இரு."

"ஊசி இன்னும் முடியலயே. அலையலாமா?"

"கல்லாவுல உக்காரத்தான. அந்தப் பேச்சியம்மாள நிப்பாட்டிரு. பொம்பளைகள வச்சா யாவாரம் பாப்பாக?"

சரி என்றேன். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிப் பழகிய சரி.

முன்பெல்லாம் சாப்பாடு கொண்டு போனால்கூட, "வாசல்லயே குடுத்துட்டுப் போ" என்பார். இப்போது வண்டன்மேட்டு மலையாள வியாபாரி, "சேச்சி சொன்னா சரி" என்று மட்டக் காயைத் தானே திருப்பி எடுத்துப் போகிறார். காய் தரம் பிரிக்கப் பேச்சியம்மாளை வேலைக்கு வைத்தது நான். கடை எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

அவர் சாக வேண்டும் என்று நினைத்ததே இல்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். நினைத்ததே இல்லை.

15.10, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்ததும் பாஸ்டர், "கட்டி சுருங்குனதுக்கு சிஸ்டர் சாட்சி சொல்லட்டும்" என்றார். எழுந்தேன். அழுகைதான் வந்தது.

பின் பெஞ்சில் யாரோ: "புருசன் மேல எம்புட்டுப் பாசம், பாத்தீகளா."

காது எரிந்தது. வரும் வழியில் உருளைக்கிழங்கு, டார்ச் பேட்டரி.

16.10, திங்கள்

அவர் கடைக்குப் போய்விட்டார். பேச்சியம்மாள் வீட்டுக்கு நானே போனேன்.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணுமில்லத்தா. அவுக வந்துட்டாக."

"நல்லபடியா வந்துட்டாகல்ல, அது போதும்," என்றாள்.

வேலை போனவள் சொல்கிறாள். எனக்கு ஏன் அந்த மனசு இல்லை.

18.10, புதன்

வெயில் கொஞ்சம். மதியம் சாப்பிட வந்தார். கருவாட்டுக் குழம்பு கேட்டிருந்தார். வைக்கவில்லை, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

"கடைப்பக்கம் எட்டியே பாக்கலயே நீ."

"நீங்கதான வீட்டுல இருக்கச் சொன்னீக."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அன்னைக்கு டாக்டர் படத்தக் காட்டுனாருல்ல. நான் படத்தப் பாக்கல. ஒன் மொகத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கரண்டியைச் சட்டியிலேயே போட்டேன்.

"அடுத்த ஸ்கேனுக்குத் தம்பியக் கூட்டிட்டுப் போயிக்கிறேன்."

"நானே வாரேன்."

"எதுக்கு?"

கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் யோசித்துக்கொண்டே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.