நனைக்காத கயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? உண்மையைச் சொல்லுங்கள்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பீர்களே, இங்கே நான் ஆற்றையே அளக்கிறேன். ஆறு கடலில் சேரும் இடத்தில், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் படகோட்டி ஆழம் சொல்வார். நான் வரைபடத்தில் குறிப்பேன். மனிதர் கயிற்றைப் பார்க்கவே மாட்டார். வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரோ என்று சந்தேகம். அவருக்குத் தெரியாமல் புதுப் பருத்திக் கயிறு வாங்கி, அறையில் உட்கார்ந்து அடிக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை, "மூணரை அடிதாம்மா, தரை தட்டும்" என்றார். என் கயிறு கிட்டத்தட்ட நாலு காட்டியது. "பரவால்ல, போங்க" என்றேன். படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. பயப்படாதீர்கள், இடுப்பளவுத் தண்ணீர்தான். கடல் நீர் ஏறியதும் தானே மிதந்தது.

காத்திருந்தபோது என் கயிற்றைத் தடவிப் பார்த்தார். "நனைக்காமயே அடையாளம் கட்டிட்டியாம்மா? நனைஞ்சா சுருங்கி, அடி கூடுதலாக் காட்டுமே! என்னோடதுல அடிக்கு அடி முடிச்சு. கைக்கே தெரியும், கண்ணு எதுக்கு?" திட்டவே இல்லை. அதுதான் உறைத்தது.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சந்தேகப் புத்திதான் போகவில்லை. இதுவரை வந்த ஆறு கடிதங்களிலும் 'எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்' என்று ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். அவராவது கயிற்றை இறக்கிவிட்டுச் சொல்கிறார்! மருந்துக்கடை வரை நடந்து, வழியில் எத்தனை முறை உட்கார்ந்தீர்கள் என்று எழுதுங்கள். தம்பியும் கூட வரட்டும். அவன் எண்ணியதைத் தனியாக எனக்கு எழுதட்டும்.

படகோட்டி கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்