பிரிக்காத பெட்டிகள்

மார்ச் 4

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நலம்தானே? போனிலேயே சொல்லலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் "அக்கா, கஸ்டமர் வந்துட்டாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். உன் கஸ்டமர்களில் நானும் ஒருத்திதானடா! கடிதத்தை யாரும் நடுவில் வெட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடத்துக்குத் தரை போட்டாகிவிட்டது. உன் கடை வினைல் பட்டை அச்சு அசலாக மரம் மாதிரியே இருக்கிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நாலு தடவை சும்மாவே நடந்து பார்த்தேன்.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல். நேற்று உங்கள் கடை மேஸ்திரியும் ஆட்களும் அப்பா அறைக்கு வந்தார்கள். பழைய டைல்ஸை எல்லாம் உடைத்தார்கள். அவர் கால் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாரே, அந்தத் தூக்கி நின்ற டைல்ஸ் நொறுங்கும்போது எனக்கு அப்படி ஒரு திருப்தி. அப்புறம் புதுப் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே பார்த்தால் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கிறது. நாம் கேட்டது சொரசொரப்பானது. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, இதுல வாக்கரை வெச்சா ஐயா சறுக்குமரம்தான் விளையாடணும்" என்றார். பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, கடை சொன்னால் வருகிறேன் என்று போய்விட்டார். அறை இப்போது வெறும் சிமென்ட். அதிலும் பழைய கலவை மேடும் பள்ளமுமாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

அப்பா பராமரிப்பு இல்லத்தில் நன்றாக நடக்கிறார். நடைப்பயிற்சி கொடுக்கும் பெண் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "சமதளமா, சறுக்காத தரை இருந்தாத்தான் வீட்டுக்கு அனுப்புவேன்." அவருடைய கட்டில் தற்காலிகக் கட்டில். மாதக் கடைசி வரைக்கும்தான். அதற்குள் வீட்டுக்கு வர வேண்டும், இல்லையென்றால் நிரந்தரமாகத் தங்குகிறவர்கள் பகுதிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். அங்கே போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. அவரோ பையைக் கட்டிக் கட்டில் காலடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன் இல்லையா, "என் ஸ்டாப் எப்பம்மா வரும்?" என்று தினமும் கேட்கிறார்.

உன் கடை, உன் ஊழியர் தள்ளுபடி, பில்லும் உன் பெயரில். ஒரு வார்த்தை சொல்லி மாற்றிக் கொடுடா.

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினாள், தாத்தாவிடம் சொல்.

தரை விஷயத்துக்கு ஏன் இப்படிப் பதறுகிறாய்? பெட்டி மாறுவதெல்லாம் எங்கள் தொழிலில் சகஜம். சரக்கு வந்தது எங்கள் கிளையிலிருந்து இல்லை, தலைமைக் கிடங்கிலிருந்து. அதனால் நான் நேரே கை வைக்க முடியாது. பில்லின் கீழே வாடிக்கையாளர் சேவை எண் இருக்கும். கூப்பிட்டு பில் எண்ணைச் சொன்னால் இரண்டே நாளில் மாற்றிவிடுவார்கள். நான் அங்கே வேலை செய்கிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதே.

உன் தம்பி


மார்ச் 14

அன்புள்ள சின்னவனுக்கு,

நீ சொன்ன எண்ணைக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அமுக்கு, தரைக்கு நாலை அமுக்கு, காத்திரு, காத்திரு என்று ஒரு புல்லாங்குழலை ஊதிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் புல்லாங்குழல்காரன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. கடைசியில் ஒரு பெண் வந்தாள். தேன் குரல்.

"மேடம், பிரித்த பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்க முடியாது. பிரிக்காத பெட்டின்னா எடுத்துக்குவோம்."

"பிரிக்காம உள்ளே இருக்கிறது தப்புன்னு எப்படிம்மா தெரியும்?"

"உங்க சிரமத்துக்கு வருந்துறோம் மேடம்."

"வருந்த வேண்டாம், மாத்திக் குடுங்க."

"இந்த பில் உங்க பேர்ல இல்லையே மேடம். வாங்கினவர்தான் புகார் குடுக்கணும். அவரை ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்க."

காசு நான் சேர்த்து வைத்தது, வீடு அப்பாவுடையது, ஆனால் வாடிக்கையாளர் நீ! நான் யாரோ ஒருத்தி. மாறி மாறி மூன்று பேரிடம் பேசினேன். மூன்று பேரும் இதையேதான் ஒப்பித்தார்கள். கடைசி ஆள் என் மேல் இரக்கப்பட்டு விலாசம் கேட்டான். நானும் ஏமாந்த சோணகிரி மாதிரி, பட்டைகள்தான் வரப்போகிறது என்று காத்திருந்தேன். என்ன வந்தது தெரியுமா? ஒரு மிதியடி. "எங்கள் அன்பளிப்பு" என்று சீட்டு ஒட்டி. தரையே இல்லாத அறைக்கு மிதியடி!

நானும் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து, கன்னம் வீங்கி வருகிறவர்கள் திட்டுவதை நாள் முழுக்க வாங்கிக்கொள்கிறவள்தான். ஒருத்தரையாவது "வாயைத் திறந்தாச்சு, இனிமே பார்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பியிருப்பேனா?

தெருமுனைத் தரைக் கடைக்காரரைக் கூட்டி வந்து அறையை அளந்தாயிற்று. சொரசொரப்பானது அவரிடம் இருக்கிறது, கூடத்து நிறம் இல்லை, பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் சம்பள முன்பணம் கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நீ ஒரே ஒரு போன் போடு. உனக்கு ஐந்து நிமிஷ வேலை.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும். படித்துவிட்டு அப்பாவிடம் சொல்லாதே.

எங்கள் கிளையில் ஊழியர்கள் நுழையும் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். புகார் இல்லாத நாட்கள் என்று தலைப்பு. தினமும் காலையில் மேலாளர் வந்து எண்ணை மாற்றி எழுதுவார், நாங்கள் எல்லோரும் கை தட்ட வேண்டும். புகார் வந்துவிட்டால் எல்லோர் முன்னாலும் பூஜ்யம் போடுவார். யாரால் என்று கீழே பெயர் எழுதுவார். ஊழியர் தள்ளுபடியில் வாங்கியதற்குப் புகார் கொடுத்தால் அது வேறெங்கும் போகாது, வாங்கியவன் கிளைக்குத்தான் வரும். எங்கள் மேலாளர் மாற்றலாகிப் போகிறார். மாதக் கடைசியில் அந்த நாற்காலி எனக்கா, விளக்குப் பிரிவுக்காரனுக்கா என்று முடிவாகும். என் கையாலேயே என் பெயரை அந்தப் பலகையில் எழுதிக்கொள்ளச் சொல்கிறாயா?

உனக்கு இது சிரிப்பாக இருக்கும். நான் இங்கே சேர்ந்தபோது "என் தம்பி மிதியடி விக்கிறான்" என்று சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிச் சிரித்தவள்தானே நீ. அன்றைக்கு நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தெருமுனைக் கடைக்குப் போகாதே. வெளியாள் வந்து போட்டால், எங்கள் மேஸ்திரி ஏன் வேலையை விட்டார் என்று கேள்வி வரும், அதுவும் என் தலையில்தான் விடியும். கிடங்கில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். புகார் இல்லாமல், சத்தம் இல்லாமல், மாதம் முடிவதற்குள் நான் மாற்றித் தருகிறேன். கடையை நம்பாதே அக்கா, என்னை நம்பு.

உன் தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

மிதியடி என்று நான் சொன்னது தப்பு. அன்றைக்கு உன் முகம் வாடினதை நான் பார்க்கவில்லை. மன்னித்துக்கொள்.

தெருமுனைக் கடைக்காரரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். "மனசு மாறினா சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார், பாவம், நல்ல மனிதர். ஆஸ்பத்திரியில் கேட்ட முன்பணத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் நீ பார்த்துக்கொள்வதாக மட்டும் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரரைத் தட்டி எழுப்பி, "என் பையன் பெரிய கடையில இருக்கான், அவனே தரை போடுறான்" என்று சொன்னார். அந்த மனிதர் தூக்கக் கலக்கத்தில் என்ன தரை, யார் பையன் என்று விழித்தார். நேற்று வாக்கரோடு தாழ்வாரத்தின் கோடி வரைக்கும் போய்த் திரும்பினார். வளைவில் திரும்பும்போது வாயாலேயே ஹாரன் அடித்தார்.

உன்னை நம்புகிறேன்.

அக்கா


மார்ச் 28

தம்பி,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கடைக்குக் கூப்பிட்டால் அதே புல்லாங்குழல்.

இல்லத்து அலுவலகத்தில் கேட்கிறார்கள். வீட்டுக்கா, நிரந்தரப் பகுதிக்கா என்று நாளை மறுநாள் சொல்லியாக வேண்டும். தெருமுனைக்காரரிடம் மறுபடி போய் நின்றேன். அவர் வேறு வேலை ஒத்துக்கொண்டுவிட்டாராம், அடுத்த மாத நடுவில்தான் முடியும் என்கிறார்.

வருகிறதா, வரவில்லையா? ஒரு வார்த்தை எழுது. வரவில்லை என்றாலும் எழுது. அப்பா இன்றைக்கு ஷேவ் செய்துகொண்டு சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா


ஏப்ரல் 3

என் அன்பு அக்காவுக்கு,

முதலில் வாயை இனிப்பாக்கிக்கொள்! உன் தம்பி கிளை மேலாளர். நேற்றுத்தான் கையில் கடிதம் கொடுத்தார்கள். விளக்குப் பிரிவுக்காரன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

பதில் எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். மாதக் கடைசியில் மூச்சு விட நேரமில்லை. தவிர, முடிவு தெரிகிற வரைக்கும் கிடங்குக்குப் போன் போட எனக்கே பயமாக இருந்தது. இப்போது நானே கையெழுத்துப் போடலாம். சனிக்கிழமை வண்டி வரும். சொரசொரப்பான வகை, கூடத்து நிறம், இரண்டு பெட்டி அதிகமாகவே. திங்கட்கிழமை நம் மேஸ்திரி வருவார். பார்த்தாயா, ஒரு புகார் இல்லாமல் எப்படி முடித்தேன்! இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனதை இல்லத்தில் சொல்லிச் சமாளித்துக்கொள். அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?

அப்பாவிடம் சொல்லாதே. திடீரென்று கூட்டிக்கொண்டு போய் அறையைக் காட்டு. அடுத்த மாதம் நாங்கள் எல்லோரும் வருகிறோம்.

உன் பாசமுள்ள தம்பி


ஏப்ரல் 7

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் பதவி உயர்வுக்கு எங்கள் வாழ்த்துகள். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு...

போதும். இதற்கு மேல் உங்கள் கடை பாஷை எனக்கு வரவில்லை. நேராகவே எழுதுகிறேன்.

முப்பதாம் தேதி இல்லத்துக்குப் போனேன். அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு, "கிளம்பலாமா?" என்றார். என்னால் முடியவில்லை. நீ சொல்லாதே என்றதை எல்லாம் சொல்லிவிட்டேன். பலகை, எண், நாற்காலி எல்லாவற்றையும். அவர் கோபப்படுவார், உன்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பார் என்றுதான் நினைத்தேன். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மடியிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தார். அப்புறம், "அவன் வேலைக்கு இடைஞ்சல்னா வேண்டாம்மா. இங்க தரை நல்லாத்தானே இருக்கு" என்றார். நான் அழுதேன். "அட, என்னம்மா நீ! வண்டி டிப்போவுக்கு வந்து சேர்ந்துடுச்சுன்னு வெச்சுக்க" என்று என்னைத் தேற்றினார். அலுவலகத்துப் பெண்ணை அவரே கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். பையிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து இல்லத்து அலமாரியில் அடுக்கினார். உதவிக்குப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

நான் விடவில்லை. நீ மூன்றாம் தேதி எழுதிய கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் போய்க் கெஞ்சினேன். தற்காலிகக் கட்டிலில் வேறு ஒருவர் வந்துவிட்டாராம். ஐயா வீட்டுக்குத் தாராளமாகப் போகலாம், அவர் சம்மதித்தால் போதும் என்றார்கள். அவர் சம்மதிக்கவில்லை. "கெளம்பு, கெளம்பாதேன்னு எத்தனை தடவைம்மா? என்னால ஆகலை" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் நடக்கவில்லை. நடைப்பயிற்சிப் பெண் வந்தால் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்கிறார். வாக்கரில் துண்டு காய்கிறது.

இரண்டு மூன்று நாள் பெரிய விஷயமா என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உனக்கு நாற்காலி கிடைத்ததைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார். எதிர்க் கட்டில், பக்கத்துக் கட்டில், தண்ணீர் கொண்டுவருகிறவள் எல்லோரையும் கூப்பிட்டு, "என் பையன் மேனேஜர் ஆயிட்டான்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க என்னால் முடியவில்லை. உன் மேல் எனக்கு இருக்கிற கோபம், அவர் உன் மேல் படாத கோபமும் சேர்ந்ததுதான்.

சனிக்கிழமை வண்டி வந்தது. இறக்குகிறவர்கள், "எங்கம்மா வைக்கிறது?" என்றார்கள். இறக்க வேண்டாம் என்றேன். மேலாளர் வீட்டுச் சரக்கு, திருப்பி எடுத்துப் போனால் திட்டுவார் என்று பயந்தார்கள். ஒட்டின டேப் ஒட்டினபடி இருப்பதைக் காட்டினேன். பிரிக்காத பெட்டி என்றால் எடுத்துக்கொள்வோம் என்று உங்கள் ஆட்கள்தான் மூன்று தடவை சொன்னார்கள். எடுத்துக்கொள்.

அப்பாவைப் பார்க்க வா. பிள்ளைகளையும் கூட்டி வா, அவர் சந்தோஷப்படுவார். பார்க்கும் நேரம் இல்லத்து வாசலில் எழுதியிருக்கிறது. பார்த்துவிட்டு அங்கிருந்தே திரும்பிப் போய்விடு. வீட்டுக்கு வர வேண்டாம். அவருடைய அறை மேஸ்திரி விட்டுப்போன மாதிரியே கிடக்கிறது, அதன் வாசலில் உங்கள் மிதியடியைப் போட்டிருக்கிறேன்.

உன்னைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. பலகையில் அந்த எண் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பில்லில் பெயர் இல்லாதவள்